மோதிரக் கதை வாசிப்பு வட்டத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், பாலக்காட்டுச் சித்தூர் என்று தமிழ்நாடு-கேரள எல்லையோர ஊர்களில் இருந்து அவ்வப்போது யாராவது கேட்கிறார்கள்: “மோதிரக் கதை வாசிக்கிற கூட்டத்துக்கு நானும் வரலாமுங்களா? படம் பார்த்திருக்கேன். இங்கிலீஷ் அவ்வளவா ஓடாது. எங்கிருந்து ஆரம்பிக்கிறது?” வரலாம். இங்கிலீஷ் ஓடாவிட்டாலும் வரலாம். எங்கிருந்து ஆரம்பிப்பது என்பதுதான் கொஞ்சம் பெரிய கேள்வி. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மோதிரக் கதை என்று நாங்கள் சொல்வது ஜே. ஆர். ஆர். டோல்கீன் எழுதிய ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ நாவலை. எங்களில் பாதிப் பேர் தமிழ் மீடியத்தில் படித்தவர்கள், பாதிப் பேர் மலையாள மீடியம். இரண்டு மொழியிலும் மோதிரம் மோதிரம்தான் என்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. வாரம் ஒரு மாலை, ஒரு வாயனசாலையின், அதாவது ஊர் நூலகத்தின், பின்னறையில் கூடுகிறோம். கோயம்புத்தூருக்கும் திருப்பூருக்கும் வளைகுடாவுக்கும் வேலைக்குப் போய்விட்டவர்களுக்காக ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. தலைவர், சந்தா எதுவும் கிடையாது.

இந்தக் கட்டுரையில் கதையின் முதல் அத்தியாயங்களைத் தாண்டி எதையும் உடைக்கவில்லை. பயப்படாமல் படியுங்கள்.

1. புத்தகம் வாங்குவது

கடையில் மூன்று தொகுதிகளாக இருப்பதைப் பார்த்து மூன்று நாவல்கள் என்று நினைத்துவிடாதீர்கள். டோல்கீன் எழுதியது ஒரே நாவல். இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு இங்கிலாந்தில் காகிதத்துக்குத் தட்டுப்பாடு, விலையும் ஏறிக் கிடந்தது. அதனால் பதிப்பகத்தார் அதை மூன்றாகப் பிரித்து 1954 ஜூலை, 1954 நவம்பர், 1955 அக்டோபர் என்று வெளியிட்டார்கள். முதல் தொகுதி முடிகிற இடத்தில் கதை முடியாது. நடுத் தொகுதியை மட்டும் எடுத்துப் படிக்கவும் முடியாது. உள்ளே ஆறு ‘புத்தகங்கள்’, மொத்தம் 62 அத்தியாயங்கள்.

எல்லாம் சேர்ந்த ஒரே தடிப் பிரதியும் கிடைக்கும். வீட்டில் மேசைமேல் வைத்துப் படிக்கிறவர்களுக்கு அது சரி. பொள்ளாச்சி பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு படிக்கிறவர் என்றால் மூன்று தொகுதிகளாகவே வாங்குங்கள். கோயம்புத்தூர் உக்கடத்துப் பழைய புத்தகக் கடைகளையும் ஒரு நடை பார்த்துவிடலாம். எங்கே வாங்கினாலும் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்: வரைபடம் படிக்கிற அளவில் இருக்கிறதா, கடைசியில் பின்னிணைப்புகள் இருக்கின்றனவா, பக்க எண்கள் தொடர்ச்சியாக வருகின்றனவா. நான் முதன்முதலில் வேறோர் ஊரில் நடைபாதையில் வாங்கிய பிரதியில் ஒரு கட்டு, முழுசாக 32 பக்கம், தைக்காமல் விட்டிருந்தார்கள். ஒரு விவசாயி வீட்டில் இரவுச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள், பக்கத்தைப் புரட்டினால் வேறு யாரோ வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருந்தார்கள். நடுவில் ஒரு காடே காணோம். கதையே இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்து மேலே படித்துக்கொண்டு போனேன். இரண்டு வருடம் கழித்து நண்பர் ஒருவரின் பிரதியில் அந்தக் காட்டைப் படித்தேன்.

வாங்க வசதி இல்லையென்றால் உங்கள் ஊர் வாயனசாலையில் கேளுங்கள். பி. என். பணிக்கர் 1945-இல் 47 நூலகங்களைச் சேர்த்து ஆரம்பித்த கிரந்தசாலை இயக்கத்தின் பலன், இந்தப் பக்கத்தில் சின்ன ஊரில்கூட ஒரு வாயனசாலை இருக்கிறது. ஆங்கில நாவல் அலமாரியில் இல்லாவிட்டால் புத்தகம் வாங்கும் சமயத்தில் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். நாலு பேர் எழுதிக் கொடுத்தால் வாங்கிவிடுவார்கள். எங்களுக்கு அப்படித்தான் வந்தது.

2. எதை முதலில் படிப்பது

‘தி ஹாபிட்’ முதலில். 1937-இல் வந்தது, 19 அத்தியாயங்கள்தான், குழந்தைகளுக்குச் சொல்கிற நடை. பில்போ என்ற ஹாபிட்டின் (மனிதரில் பாதி உயரமுள்ள ஒரு கற்பனை இனம்) கைக்கு மோதிரம் எப்படி வந்தது என்பது அதில் இருக்கிறது. இங்கிலீஷ் தயங்குகிறவர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது. நேரடியாகப் பெரிய நாவலில் இறங்குகிறவர்களும் உண்டு, தப்பில்லை. ஆனால் ஹாபிட் படித்துவிட்டு வருகிறவர், மோதிரம் மறுபடி மேசைக்கு வரும்போது நிமிர்ந்து உட்காருவார். படிக்காதவருக்கு அது வெறும் மோதிரம்.

பெரிய நாவலைத் திறந்ததும் முன்னுரைப் பகுதி ஒன்று வரும். ஹாபிட்டுகள் யார், எப்படிப் புகைபிடிப்பார்கள் என்றெல்லாம் இருக்கும். முதல் வாசிப்பில் அதைத் தாண்டிவிடுங்கள். விழா நடக்கிற முதல் அத்தியாயத்தில் நேரே நுழையுங்கள். முன்னுரையில் மூச்சு முட்டித் திரும்பிப் போனவர்களை எனக்குத் தெரியும். ஆறு மாதம் கழித்து அதே முன்னுரையைப் படித்தால் ஊர்க்காரர்களைப் பற்றிப் படிப்பது போல இருக்கும்.

பின்னிணைப்புகளில் முதல் இரண்டையும் நாவல் முடியும்வரை திறக்கவே வேண்டாம். வருடவாரியாக எல்லாவற்றையும் சொல்லிவிடும். உச்சரிப்பு பற்றிய ஐந்தாவது பின்னிணைப்பு மட்டும் பார்க்கலாம், அதில் ஆபத்து இல்லை. ‘தி சில்மரில்லியன்’ என்று ஒரு புத்தகம், டோல்கீன் இறந்த பிறகு 1977-இல் அவர் மகன் கிறிஸ்டோஃபர் தொகுத்து வெளியிட்டது. அருமையான புத்தகம். அதற்கு இப்போது அவசரம் இல்லை.

3. வண்டி நிற்கிற மூன்று மேடுகள்

புதிதாகப் படிக்கிறவர்கள் பெரும்பாலும் மூன்று இடங்களில் நின்றுவிடுகிறார்கள். முன்னாடியே தெரிந்திருந்தால் தாண்டிவிடலாம்.

முதல் மேடு இரண்டாம் அத்தியாயம். விழா, பட்டாசு, சிரிப்பு எல்லாம் முடிந்து, கண்டால்ஃப் என்கிற மந்திரவாதியும் பில்போவின் வாரிசான ஃப்ரோடோவும் ஓர் அறையில் உட்கார்ந்து பேசுகிறார்கள். பேசிக்கொண்டே இருக்கிறார்கள். மோதிரத்தின் பழைய வரலாறு அது. இங்கே வேகம் வேண்டாம். பாதி இன்று, பாதி நாளை என்று படியுங்கள். நாவலின் வேர் இந்த அறையில்தான் இருக்கிறது.

இரண்டாவது, ஆறு முதல் எட்டு வரை உள்ள அத்தியாயங்கள். டாம் பாம்படில் என்றொருவர் பாட்டுப் பாடிக்கொண்டு வருவார். கதை நின்றுவிட்டது போலத் தோன்றும். சினிமாவில் இந்தப் பகுதியே கிடையாது. அவரைப் பிடிக்கவில்லை என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு, எங்களிலேயே இரண்டு கட்சி இருக்கிறது. ஆனால் கண்ணால் மட்டும் ஓட்டாமல் அந்தப் பாட்டுகளை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். வாயில் வரும்போது அவர் வேறு ஆள்.

மூன்றாவதுதான் உண்மையான ஏற்றம்: இரண்டாம் புத்தகத்தின் இரண்டாம் அத்தியாயம். எல்ஃப் என்கிற கற்பனை இனத்தைச் சேர்ந்த எல்ராண்ட் வீட்டில் நடக்கிற ஆலோசனைக் கூட்டம். பேசுகிறவர்கள் நிறைய, ஒவ்வொருவரும் சொல்கிற கதை அதைவிட நீளம். தனியாகப் படித்தால் யார் பேசுகிறார் என்பதே மறந்துபோகும். இதை மட்டும் தனியாகப் படிக்காதீர்கள் என்பது என் வேண்டுகோள்.

நாங்கள் செய்வது இது. அந்த அத்தியாயத்துக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை மாலை. முந்தின வாரமே ஆளுக்கொரு பாத்திரம் பிரித்துக் கொடுத்துவிடுவோம். எல்லோரும் வட்டமாக உட்கார வேண்டும், அவரவர் பாத்திரம் பேசும்போது அவரவர் படிக்க வேண்டும், நடுவில் வருகிற விவரிப்பை ஒருவர் படிப்பார். போன தடவை தென்னந்தோப்பு நடுவில் இருக்கிற ஒரு வீட்டுத் திண்ணையில் பன்னிரண்டு பேர் உட்கார்ந்தோம். குள்ளர் தரப்பில் பேசியவர் வேலந்தாவளத்தில் லேத் வைத்திருப்பவர். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவர், ஒரு வாரமாக அந்த மூன்று பக்கத்தையும் மனப்பாடம் போலப் படித்துவைத்திருந்தார். பாதியில் கரண்ட் போனது. மொபைல் டார்ச்சைப் புத்தகத்தின் மேல் பிடித்துக்கொண்டு, தன் ஊருக்கு இருட்டில் வந்த தூதனைப் பற்றி அவர் படித்தபோது தோப்புப் பக்கம் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கரண்ட் வந்த பிறகும் டியூப் லைட்டை அணைக்கச் சொன்னார்கள்.

4. வாய்விட்டு வாசிப்பது

எங்கள் வட்டத்தின் ஒரே பிடிவாதம் இதுதான். வீட்டில் எப்படி வேண்டுமானாலும் படியுங்கள், கூடுகிற மாலையில் சத்தமாகத்தான் வாசிப்பு.

இது நாங்கள் கண்டுபிடித்தது இல்லை. டோல்கீன் இதை எழுதிக்கொண்டிருந்த காலத்தில், ஆக்ஸ்ஃபோர்டில் எழுத்தாளர் சி. எஸ். லூயிஸின் கல்லூரி அறையில் வியாழக்கிழமை இரவுகளில் நண்பர்கள் கூடுவார்கள். இங்க்லிங்ஸ் என்று அந்தக் கூட்டத்துக்குப் பெயர். எழுதி முடித்த அத்தியாயங்களை அங்கேதான் சத்தமாக வாசித்துக்காட்டினார்கள். அச்சுக்குப் போகுமுன் பல வருடம் இந்தக் கதை காதால் கேட்கப்பட்ட கதை. 1944-இல் கிறிஸ்டோஃபர் விமானப்படைப் பயிற்சிக்காகத் தென்னாப்பிரிக்காவில் இருந்தபோது, புது அத்தியாயங்களை அப்பா தபாலில் அனுப்பிக்கொண்டிருந்தார். எங்கள் குழுவில் ஷார்ஜாவில் இருக்கிற தம்பி ஒருவருக்கு ஒவ்வொரு வாரமும் வாசிப்பைப் பதிவுசெய்து வாய்ஸ் மெசேஜாக அனுப்புகிறோம். இந்தத் தபால் கதையைச் சொன்னதும் அவர் ரொம்ப நேரம் பதில் போடவில்லை. அப்புறம், “அப்ப நான் கிறிஸ்டோஃபருங்களா?” என்று கேட்டார்.

நம் மண்ணிலும் இதற்கு ஒரு முன்மாதிரி இருக்கிறது. பாலக்காட்டுப் பக்கத்துப் பகவதி கோயில்களில் கூத்துமாடம் பார்த்திருப்பீர்கள். தோல்பாவைக்கூத்து நடக்கிற நீளமான மேடை, திரைக்குப் பின்னால் 21 விளக்குகள். புலவர்கள் கம்பராமாயணப் பாட்டைப் பாடி, தமிழும் மலையாளமும் கலந்த பேச்சில் பொருள் சொல்வார்கள். ஒரு பாட்டுக்கு ஒரு புலவர் பொருள் சொன்னால் இன்னொரு புலவர் குறுக்கே கேள்வி போடுவார், அதிலேயே ஒரு நாழிகை போகும். தாருகன் என்ற அசுரனோடு போரிடப் போனதால் ராமாயணப் போரைப் பார்க்க முடியாமல் போன பத்ரகாளிக்காக நடக்கிற கூத்து என்பார்கள். அதனால் எதிரே ஒரு மனிதர்கூட இல்லாவிட்டாலும் கூத்து நிற்காது. எங்கள் முறை முழுக்க முழுக்க அங்கிருந்து எடுத்ததுதான்: ஒருவர் ஒரு பத்தி ஆங்கிலத்தில் வாசிப்பார், ஒருவர் தமிழில் சொல்வார், யாருக்காவது வேண்டியிருந்தால் ஒருவர் மலையாளத்திலும் சொல்வார், அப்புறம் குறுக்குக் கேள்வி. ஒரு மாலைக்கு ஓர் அத்தியாயத்தில் பாதிதான் நகரும். மீதி வீட்டில்.

இங்கிலீஷ் பற்றிய பயம் இந்த இடத்தில் போய்விடும். உங்களுக்குத் தெரியாத சொல் பக்கத்தில் இருக்கிறவருக்கும் தெரியாது என்பது இரண்டாவது வாரமே தெரிந்துவிடும். அகராதி ஒருவர் கையில் இருக்கும்.

5. பெயர்களைச் சொல்வது

பெயர்கள் பயமுறுத்தும். ஆனால் இந்த விஷயத்தில் நம் நாக்குக்கு இங்கிலீஷ்காரர்களைவிட வசதி அதிகம். டோல்கீனே உச்சரிப்பு விதிகளை எழுதிவைத்திருக்கிறார். அவற்றில் வேண்டியது மட்டும்:

எல்ஃப் மொழிப் பெயர்களில் ‘சி’ எழுத்து வந்தால் எப்போதும் ‘க’ ஒலிதான். கெலெபோர்ன், செலெபோர்ன் இல்லை. ‘ஏ’யும் ‘யூ’வும் சேர்ந்து வந்தால் நம்முடைய ஔ. ஆகவே சௌரான். சோரான் என்று சொல்கிறவர்களைத் திருத்தலாம், மரியாதையாக. ‘ஏ’யும் ‘ஐ’யும் சேர்ந்தால் நம் ஐ. ‘டி’யும் ‘ஹெச்’சும் (dh) சேர்ந்து வந்தால், ‘பாதை’ என்று சொல்லும்போது வருகிற மெல்லிய ‘த’. ‘ஆர்’ எங்கே வந்தாலும் நாக்கு அதிர வேண்டும், சொல்லின் கடைசியில்கூட. மோர்டோர் என்பதில் இரண்டு ‘ர்’ரும் கேட்க வேண்டும். லண்டன் உச்சரிப்பில் அவை இரண்டுமே விழுங்கப்பட்டுவிடும், நம் வாயில் தானாக வரும். உயிரெழுத்தின் மேல் சாய்கோடு இருந்தால் நெடில், இல்லாவிட்டால் குறில்.

அவர் உருவாக்கிய தெங்வார் எழுத்துமுறையைக் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள் கண்டிப்பாக முயலுங்கள். மெய்யெழுத்துக்கு ஓர் உரு, உயிருக்குத் தனிக் குறி. அந்தக் குறி மெய்யின் தலைமேல் உட்காரும். குவென்யா என்கிற எல்ஃப் மொழியை எழுதும் முறையில், முன்னால் வருகிற மெய்யின் மேல் உயிர்க்குறி. ‘கி’யில் க-வின் மேல் விசிறி ஏறுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதில் என்ன சிரமம்? மெய்கள் பல் ஒலி, இதழ் ஒலி என்று பிறப்பிடத்தின்படி வரிசையாக நிற்கும். எங்களோடு மலையாள மீடியத்தில் படித்த ஒரு சேச்சி அட்டவணையைப் பார்த்ததுமே, “இது நம்ம எழுத்து வர்க்கம்தானே” என்று சொல்லிவிட்டு அரை மணி நேரத்தில் தன் பெயரை எழுதிக் காட்டினார்.

6. தமிழில் சொல்லும்போது

எதைத் தமிழாக்கலாம், எதை விட்டுவிடலாம் என்ற சண்டை முதல் வாரத்திலேயே வரும். டச்சு, சுவீடிஷ் மொழிபெயர்ப்புகளில் மனம் ஒப்பாத டோல்கீன், பிற்பாடு மொழிபெயர்ப்பாளர்களுக்காகவே ஒரு குறிப்பு எழுதினார். சுருக்கமாகச் சொன்னால்: கதைக்குள் எல்லோரும் பேசுகிற பொதுமொழிப் பெயர்கள் இங்கிலீஷில் இருந்தால் அவற்றைப் பொருள் பார்த்து உங்கள் மொழிக்கு மாற்றுங்கள், எல்ஃப் மொழிப் பெயர்களைத் தொடாதீர்கள். நாங்கள் அதைப் பின்பற்றுகிறோம்.

முதல் அத்தியாயத்தில் பில்போவுக்கு 111 வயது. ஹாபிட்டுகள் அதற்கு விசித்திரமான ஓர் எண்ணுப்பெயர் வைத்திருக்கிறார்கள், பத்துக்கு மேலே பதினொன்றையும் பத்தால் பெருக்கியது போல. ‘நூற்றுப் பதினொன்று’ என்று சொன்னால் வேடிக்கை செத்துவிடும். எட்டாவது படிக்கிற பையன் ஒருவன்தான் தீர்த்துவைத்தான்: “இருபது, முப்பது மாதிரி பதினொருபது. அப்ப இது பதினொருபத்தொன்று.” கைதட்டினோம். அதே விழாவில் தனியாக நடக்கிற குடும்ப விருந்துக்கு விருந்தாளிகள் 144 பேர். பில்போவின் 111-ஐயும், அன்று 33 வயது முடிகிற ஃப்ரோடோவின் 33-ஐயும் கூட்டிய கணக்கு. ஒரு குரோஸ் என்று பில்போ சொல்கிறபோது விருந்தாளிகளுக்குக் கோபம் வரும். ஏன் கோபம் என்று எங்களுக்குப் புரியவில்லை. ஃபேன்சி ஸ்டோரில் வேலை பார்க்கிற அக்காதான் சொன்னார்: “குரோஸ்னா பன்னிரண்டு டஜன். வளையலும் ஹேர்பின்னும் அப்படி எண்ணுவோம். மனுசரை எண்ணினா கோபம் வராதா?”

இதைவிடக் கஷ்டமானது சாம் என்கிற தோட்டக்காரன், ஃப்ரோடோவை அழைக்கிற விதம். இங்கிலீஷில் ‘மிஸ்டர்’ போட்டுப் பெயர் சொல்வான், சில சமயம் எஜமான் என்பான். மலையாளத்தில் சொன்னவர் சரளமாக ‘தம்புரான்’ என்று சொல்லிவிட்டார். எங்கள் அக்கா ஒருவர், அப்பா காலம்வரை பண்ணையில் வேலை பார்த்த குடும்பம், புத்தகத்தை மூடிவைத்தார். “அந்த வார்த்தை எங்க வீட்டுல என்ன பாடு படுத்துச்சுன்னு எனக்குத் தெரியும். சாம் பிரியமா கூப்பிடறான். இந்த வார்த்தையில பிரியம் வராது.” அன்று வாசிப்பு நடக்கவில்லை, பேச்சுதான். கடைசியில் பெயரோடு வரும்போது ‘ஃப்ரோடோ அண்ணா’ என்றும், எஜமான் என்று வருகிற இடங்களில் ‘ஐயா’ என்றும் முடிவு செய்தோம். ஒருவருக்கு இன்னும் ‘அண்ணா’ பிடிக்கவில்லை, தூரம் குறைந்துவிடுகிறது என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இந்த ஊரில், இந்தக் கூட்டத்தில், ‘அண்ணா’தான் சரி என்று நான் நினைக்கிறேன். நீங்கள் தமிழில் சொல்லும் முறை வரும்போது, ஒரு சொல் யாரையாவது குத்துகிறதா என்று நிறுத்திக் கேளுங்கள். வாசிப்பு தாமதமானால் பரவாயில்லை.

7. கதையை உடைக்காமல் இருப்பது

உங்களுக்கு முன்னால் படித்தவர்கள் உங்களைக் காப்பாற்ற வேண்டும். நாளை நீங்கள் அடுத்தவரைக் காப்பாற்ற வேண்டும்.

நான் முதல் தொகுதியில் இருந்தபோது, டீக்கடையில் ஒருவர் என் கையில் புத்தகத்தைப் பார்த்துவிட்டுச் சந்தோஷத்தில் ஒரு பெயரைச் சொன்னார், அந்த ஆளுக்கு என்ன ஆகும் என்பதையும் சேர்த்து. கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. மூன்று நாள் கழித்து அந்த அத்தியாயத்துக்கு வந்தபோது என் கண் வரிகளின் மேல் ஓடியது, நெஞ்சில் ஒன்றும் ஆகவில்லை. அந்த இடத்தை வாசிக்கிற மாலையில் புதியவர்கள் விக்கித்துப்போய் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம், எனக்குக் கிடைக்காமல் போனது எது என்று தெரிகிறது.

இந்த விதியைச் சொன்னபோது, சின்ன வயதில் இருந்து கூத்துமாடத்தின் முன்னால் விடிய விடிய உட்கார்ந்த பெரியவர் ஒருவர் ஒத்துக்கொள்ளவில்லை. “ராமன் ஜெயிப்பான்னு தெரியாம யாரு கூத்துப் பார்க்க வர்றா? தெரிஞ்சுதானே வருசா வருசம் உட்கார்றோம்?” என்றார். பதில் சொல்ல முடியாத கேள்வி. ஒரு பெண் மட்டும், “உங்களுக்கும் முதல் தடவைன்னு ஒண்ணு இருந்திருக்குமே மாமா?” என்று கேட்டாள். அவர் யோசித்தார். நாகபாசத்தில் லட்சுமணன் விழுந்த இரவு தனக்கு ஆறு வயது என்றார். பாட்டி மடியில் முகத்தைப் புதைத்து அழுததாகச் சொன்னார். “எந்திரிப்பான்னு பாட்டி சொல்லவே இல்லை. அவளுக்குத் தெரியும்தானே.” அன்றிலிருந்து இந்த விதிக்கு அவர்தான் காவல்.

நடைமுறை இப்படி: குழுவில் எதை எழுதினாலும் முதல் வரியில் புத்தக எண்ணும் அத்தியாய எண்ணும். அதற்குக் கீழே வரிக்கொரு புள்ளியாக இருபது முப்பது வரி விட்டுவிட்டு எழுதுங்கள். அப்போது மீதி ‘மேலும் படிக்க’ என்பதற்குள் மறைந்துவிடும். படங்களை அனுப்பாதீர்கள், ஒரு படத்தில் யார் யாரோடு நிற்கிறார் என்பதே பாதிக் கதையைச் சொல்லிவிடும். புதியவர்கள் பாத்திரங்களின் பெயரை இணையத்தில் தேட வேண்டாம். பெயரைத் தட்டும்போதே கீழே வரிசையாக வந்து நிற்கும். சந்தேகம் என்றால் குழுவில் கேளுங்கள், நீங்கள் எந்த அத்தியாயம் என்பதைச் சொல்லிவிட்டு.

8. படம் எப்போது

மூன்று படங்கள், 2001, 2002, 2003. மூன்றாவது 11 ஆஸ்கர் வாங்கியது. நல்ல படங்கள், பார்க்கத்தான் வேண்டும். ஒரு தொகுதி, ஒரு படம் என்று மாற்றி மாற்றிப் பாருங்கள். ஒரு சின்ன எச்சரிக்கை: முதல் படம் முதல் தொகுதியோடு நிற்காது, இரண்டாம் தொகுதியின் முதல் அத்தியாயத்தையும் எடுத்துக்கொள்ளும். அந்த ஓர் அத்தியாயத்தைப் படித்த பிறகு படம் போடுங்கள். இரண்டாவது படம் இரண்டாம் தொகுதி முடிவதற்கு முன்பே நின்றுவிடும், அதில் ஆபத்து இல்லை. முன்பே எல்லாப் படமும் பார்த்துவிட்டீர்களா? கவலை வேண்டாம், படத்தில் வராதது ஏராளம்.

9. எப்போது சேர்வது

செப்டம்பர் 22 பில்போவுக்கும் ஃப்ரோடோவுக்கும் பிறந்தநாள். அன்று முதல் அத்தியாயத்தைத் தொடங்குகிறோம். மார்ச் 25-இல் முடிக்கிறோம். டோல்கீன் சொசைட்டி 2003-இல் இருந்து வாசிப்பு நாளாகக் கொண்டாடுகிற தேதி அது. ஏன் அந்தத் தேதி என்பது கடைசிப் புத்தகம் படிக்கும்போது உங்களுக்கே தெரியும். இடையில் 26 வாரம், 62 அத்தியாயம். வாரத்துக்கு இரண்டு, சில வாரங்களில் மூன்று. நடுவில் வருகிறவர்களுக்காக ஒருவர் தனியாக முதலில் இருந்து கூட வாசிப்பார், அதற்கு எப்போதும் ஆள் இருக்கிறது.

ஹாபிட்டுகளின் வழக்கப்படி, பிறந்தநாள்காரர்தான் மற்றவர்களுக்குப் பரிசு கொடுக்க வேண்டும். எங்களிடம் அது பழைய புத்தகம், ஒரு முழம் மல்லிகை, இரண்டு தேங்காய், எதுவாகவும் இருக்கும். கடையில் வாங்கின பெரிய பொருள் வேண்டாம்.

முதல் நாள் வரும்போது புத்தகமும் பென்சிலும் போதும். தின்பதற்கு ஏதாவது கொண்டுவர நினைத்தால் கொண்டுவாருங்கள், கட்டன் சாயா அங்கே இருக்கும். எலப்புள்ளிப் பக்கத்தில் இருந்து வருகிற ஒரு சேட்டன் ராமசேரி இட்லியை இலையில் பொதிந்து எடுத்து வருவார். மண்பானை வாயில் துணி கட்டி வேகவைத்த அந்தத் தட்டை இட்லிக்கு எங்கள் வட்டத்தில் ‘லெம்பாஸ்’ என்று பெயர். அது என்ன என்று கேட்காதீர்கள், முதல் தொகுதியின் கடைசிப் பகுதியில் வரும்.

பின்வரிசையில் உட்கார வேண்டியதில்லை. ஒரு பத்தி உங்களிடம் வரும், வாசியுங்கள். தடுக்கினால் நிறுத்தி மறுபடி வாசியுங்கள், யாரும் எடுத்துக்கொடுக்க மாட்டார்கள், காத்திருப்பார்கள். பிறகு, கதையை உடைக்காத விதிக்குக் காவலான அந்தப் பெரியவர் நீங்கள் எந்த அத்தியாயம்வரை வந்திருக்கிறீர்கள் என்று கேட்பார். உள்ளதைச் சொல்லுங்கள். அதற்குத் தக்கபடி அன்று மாலை எல்லோரும் வாயைக் கட்டிக்கொள்வார்கள்.